முதல் ஸ்லாட் யாருக்கு?

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் எழுத நினைக்கவே இல்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்து ஜவ்வாது மலையை வைத்து ஒரு சிறுகதை வேண்டும் என்றார். பனி இருக்கணும், தேன் இருக்கணும், சாமை வயல் இருக்கணும், முடிவில் கொஞ்சம் கண்ணீர் இருந்தால் நல்லது என்று ஹோட்டலில் டிபன் சொல்வதுபோல் சொன்னார். நானும் தலையை ஆட்டிவிட்டேன். சந்தவாசலில் குடியிருக்கிறவன். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் மலை தெரிகிறது. எழுதுவதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

இப்படித் தொடங்கினேன்:

'மலையின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. தேவயானி தன் கூடையை இடுப்பில்...'

எந்தக் கூடை? அவளிடம் கூடையே கிடையாது. அவள் கையில் இருந்தது ஸ்க்ரூ டிரைவர். பனியும் பொய். நான் பனி பார்க்க பஸ் ஏறி ஜமுனாமரத்தூர் போன அன்று மண்டையைப் பிளக்கிற வெயில். ஃபேன் இருக்கிற இடமாகத் தேடி ஒரு இ-சேவை மையத்தில் போய் உட்கார்ந்தேன். சும்மா உட்கார வெட்கமாக இருந்ததால், ஆதாரில் போன் நம்பர் மாற்ற வேண்டும் என்றேன். சர்வர் வேலை செய்யவில்லை, உட்காருங்க சார் என்றாள் அங்கே இருந்த பெண், அவள்தான் தேவயானி. சொல்லிவிட்டு போனில் யாரையோ பிடித்துக்கொண்டாள்.

"மேல உங்கப்பா கார்டு, கீழ எங்கம்மா கார்டுன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சினு எங்கம்மாகிட்ட பேசறது?"

இதைக் கேட்டபின் எவனாவது எழுந்து பனி பார்க்கப் போவானா? நான் போகவில்லை. ஆசிரியர் என்னை மன்னிக்க வேண்டும். இந்தக் கதையில் தேன் இல்லை. இரண்டு கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது.

2

தேவயானி புதூர்நாட்டுப் பக்கத்துப் பெண். வீட்டில் சாமையும் புளியும். படித்துவிட்டு ஜமுனாமரத்தூரில் இந்த மையத்தை நடத்துகிறாள். கிளமென்ட் எங்கள் சந்தவாசல் பையன், கத்தோலிக்கக் குடும்பம். இவனும் மேலேதான் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். இரண்டு பேரும் ஒரே கடைத்தெருவில் இருந்தும் பழகியது கடைத்தெருவில் இல்லை, ஒரு துப்பாக்கிச் சண்டை கேமில். யாரோ ஒரு 'மலைப்புலி' தன்னைத் தினமும் சுட்டுத் தள்ளுகிறான் என்று கிளமென்ட் பல மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மைக்கை ஆன் செய்து திட்டினான். அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னா தம்பி, அழுவுறியா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. பையன் அதோடு விழுந்தான்.

[இந்த இடத்தில் காதலை விரித்து மூன்று பக்கம் எழுதியிருந்தேன். தேவயானி படித்துவிட்டு, நான் எப்ப சார் தலைய குனிஞ்சேன் என்று கேட்டாள். மூன்று பக்கமும் போய்விட்டது.]

கல்யாணம் சந்தவாசல் மாதா கோயிலில். மதம் மாறுவதா வேண்டாமா என்று இரண்டு குடும்பமும் பேசிப் பேசி, யாரும் மாறாமலே கல்யாணம் முடிந்தது. சண்டை வந்தது மதத்தில் இல்லை, சாப்பாட்டில். பெண் வீட்டார் வந்த ஜீப் இறக்கத்தில் பஞ்சர். சாமியார் காத்திருந்தார், பூசை தாமதமாகவே தொடங்கியது. பந்திதான் காத்திருக்கவில்லை. பெண்ணின் அம்மாவும் அவர்கள் சனமும் கோயிலில் பெரியவர்கள் காலைத் தொட்டு, போட்டோவுக்கு நின்று, கை கழுவி வருவதற்குள் கிளமென்டின் அப்பா சின்னப்பராஜ், "ஆறிப்போவுது, இலையப் போடுங்கய்யா" என்று முதல் பந்தியைத் தன் ஆட்களை வைத்து நிரப்பிவிட்டார். சின்னப்பராஜுக்கு உரக்கடை. மனுஷன் கெட்டவர் இல்லை. வாய் வேகம், கை வேகம், யோசனை மட்டும் அடுத்த பஸ்ஸில் வரும்.

பெண்ணைப் பெற்றவர்கள் இரண்டாவது பந்தி என்றால் நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேவயானியின் அம்மா பெரியம்மாள் எச்சில் இலை எடுப்பதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜீப்பில் ஏறிவிட்டாள். மகள் மணக்கோலத்தில் ஜீப்பின் பின்னாலேயே ஓடினாள். இனிமேல் அந்த வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று பெரியம்மாள் சொன்னது புழுதியில் பாதிதான் கேட்டது, ஆனால் தேவயானிக்கு முழுசாகவே புரிந்தது.

அன்றிலிருந்து பெரியம்மாள் வரவில்லை. தேவயானிக்கு வேண்டியதெல்லாம் அம்மா ஒருமுறை தன் வீட்டுக்குள் வந்து உட்கார வேண்டும். இந்தக் கதையில் நடக்கிற எல்லாக் கூத்தும் அதற்காகத்தான்.

3

[கோவிந்தன் என்று ஒருவர் இருக்கிறார், தேவயானியின் அப்பா. இவரைக் கதையில் வைத்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் சந்தேகம். மனுஷன் மாதம் தவறாமல் மகள் வீட்டுக்கு வருகிறார், சாப்பிடுகிறார், சம்பந்தியோடு யூரியா விலை பேசுகிறார், வீட்டுக்குப் போய் வரவே இல்லை என்கிறார். கதைக்குள் வைத்தால் பிரச்சினை அரைமணியில் தீர்ந்துவிடும்போல் தெரிகிறது. அதனால் சேதி கொண்டுபோக மட்டும் அவரைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.]

கார்டுகள் வந்த கதை இது. கல்யாணத்துக்கு மோதிரம் போடுகிறேன் என்றார் சின்னப்பராஜ். மோதிரம் வேண்டாம், கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றான் கிளமென்ட். கம்ப்யூட்டரில் படத்தை ஓட்டுகிற கார்டு அது. பெரிய கேம் ஆடுகிறவர்களுக்கு அது இல்லாமல் ஆகாது. செங்கல் அளவு இருக்கும், மூன்று ஃபேன் சுற்றும். சின்னப்பராஜ் வாங்கிக்கொடுத்தார். தன் பைக், ஃபிரிட்ஜ், உரக்கடைத் தராசு எல்லாவற்றிலும் ஒட்டுவதுபோல் இதிலும் ஒரு மாதா ஸ்டிக்கர் ஒட்டினார்.

செய்தி போட்டோவோடு மலை ஏறியது. மாப்பிள்ளை வீட்டில் என்னவோ கருப்பாக, விலை உயர்ந்ததாகக் கொடுத்தார்களாம், பெண் வீட்டில் பீரோவோடு சரியாம். பெரியம்மாள் கேட்டுக்கொண்டிருப்பாளா? புளியை மண்டியில் விற்றுவிட்டு நேரே திருப்பத்தூர் போய் ஒரு கம்ப்யூட்டர் கடையில் போட்டோவைக் காட்டியிருக்கிறாள். இதே வேணும், ஒரு நூல் கொறையக் கூடாது என்றிருக்கிறாள். அதே கம்பெனி, அதே மாடல் கிடைத்தது. வீட்டுக்கு எடுத்துவந்து பெட்டியைப் பிரித்தாள். புதுச் சாமான் வந்தால் மஞ்சள் குங்குமம் வைக்காமல் யார் அனுப்புவார்கள்? முதுகில் குங்குமம் வைத்தாள். அடியில் தங்க நிறத்தில் பல் பல்லாக ஒரு விளிம்பு மின்னியது. நல்ல இடம் இதுதான் என்று மஞ்சளை அங்கே இழைத்துப் பூசினாள். ஜீப்பில் கொடுத்தனுப்பினாள். அவள் வரவில்லை.

அந்தத் தங்க விளிம்புதான் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கிற பெரிய பலகையான மதர்போர்டின் ஸ்லாட்டுக்குள், அதாவது கார்டு செருகுகிற பள்ளத்துக்குள், இறங்குகிற இடம். அங்கே தூசு இருந்தாலே கார்டு பேசாது, இது மஞ்சள். தேவயானி பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பர் வைத்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து எடுத்தாள். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் வாசனை வந்தது. அம்மா வரவில்லை, அம்மா கை மஞ்சளாவது வந்திருக்கிறதே என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். முதுகிலிருந்த குங்குமத்தை மட்டும் அழிக்காமல் விட்டுவிட்டாள்.

(அழுதாள் என்றுதான் முதலில் எழுதினேன். அழல சார், சளி புடிச்சிருந்தது என்றாள். திருத்திவிட்டேன். ஆனால் நீங்கள் என்னை நம்பலாம்.)

4

இங்கே புத்திசாலி வாசகர் ஒருவர் கை தூக்குவார். இரண்டு கார்டு, இரண்டு பேர், அப்படியானால் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கி ஆளுக்கொன்றாகப் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே, இதற்கு ஒரு கதையா?

நானும் அதையேதான் கேட்டேன். கிளமென்டும் அப்பாவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். சின்னப்பராஜ் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாராம். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகல, அதுக்குள்ள ஒரே வூட்ல ரெண்டு அடுப்பா என்று கேட்டாராம். பெரியம்மாளும் இதே கேள்வியைக் கோவிந்தன் மூலமாகக் கேட்டனுப்பினாள். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்திகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். அதனால் பெட்டி ஒன்று, கார்டு இரண்டு என்று தீர்மானமாயிற்று.

இரண்டு கார்டையும் ஒரே கேமுக்குப் பூட்டினால் வேகம் இரட்டிப்பாகும் என்று கிளமென்ட் சந்தோஷப்பட்டான். அது பழைய காலம். இப்போது வருகிற கேம்கள் இரண்டாவது கார்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது சும்மா கரண்ட் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும். தேவயானிதான் தேடிக் கண்டுபிடித்தாள். ஒரே பெட்டியை இரண்டாகப் பிரித்து, இரண்டு திரை, இரண்டு கீபோர்டு வைத்து, ஆளுக்கொரு கார்டைக் கொடுத்துவிடலாம். ஒரே பெட்டியில் உட்கார்ந்துகொண்டு அவள் அவனைச் சுடலாம். இல்லற வாழ்க்கைக்கு இதைவிட என்ன வேண்டும்?

5

ஜமுனாமரத்தூரிலேயே வாடகைக்கு வீடு பார்த்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து பால் காய்ச்சுவது என்று நாள் குறித்தார்கள். அது சம்பந்தி வூடு இல்ல, எம் பொண்ணு வூடு, வர்றேன்னு சொல்லு என்று பெரியம்மாள் கோவிந்தனிடம் சொல்லியனுப்பினாள். தேவயானி அன்று மையத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக ஜெராக்ஸ் போட்டுக்கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து கிளமென்டின் தங்கை ரெனி வந்தாள். கிளமென்ட் தன் பழைய நீலக் கட்சி போர்டிலேயே (கட்சி விவரம் அடுத்த பகுதியில்) இரண்டு கார்டையும் செருகி வைத்திருந்தான். பெட்டிக்குப் பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் கலராக லைட். ரெனி பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். மேல் ஸ்லாட்டில் மாதா. கீழ் ஸ்லாட்டில் குங்குமம்.

சாயந்திரத்துக்குள் படம் புதூர்நாட்டை அடைந்தது. அங்கே சிக்னல் இல்லை, ரோடு சரியில்லை என்றெல்லாம் குறை சொல்கிறோம், வேண்டாததென்றால் எல்லாம் போய்ச் சேர்கிறது. பெரியம்மாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கீழே இருந்த குங்குமம் தான் வைத்தது என்று அவளுக்குத் தெரியாதா? யாரையோ கேட்டும் தெரிந்துகொண்டாள். மேல் ஸ்லாட்டுக்குத்தான் வேகம் அதிகமாம், கீழ் ஸ்லாட்டுக்கு மிச்சம் மீதிதானாம். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அவளே மகளுக்கு போன் செய்தாள்.

"அங்கயும் எனக்கு ரெண்டாவது பந்திதானா?"

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். நான் இ-சேவை மையத்தில் கேட்ட அந்தச் சண்டை இதற்கு மறுநாள் நடந்தது.

சரி, மாற்றிச் செருகினால் என்ன என்று கேட்பீர்கள். குங்குமம் மேலே, மாதா கீழே என்றால் சின்னப்பராஜ் சும்மா இருப்பாரா? அவர் மனைவி சாந்தாமேரி முழங்கால் போட்டு அழுவாரே. இரண்டு அடையாளத்தையும் அழித்துவிட்டால் எது யாருடையது என்று எவனுக்குத் தெரியும் என்று நான் யோசனை சொன்னேன். எனக்குத் தெரியுமே சார் என்றாள் தேவயானி.

6

இப்போது கொஞ்சம் கட்டுரை. தூங்குகிறவர்கள் தூங்கலாம், அடுத்த பகுதியில் எழுப்புகிறேன்.

கம்ப்யூட்டர் உலகில் இரண்டு கட்சி. பெயர் சொன்னால் இரண்டு பக்கமும் வந்து அடிப்பார்கள், அதனால் நிறத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நீலக் கட்சி, சிவப்புக் கட்சி. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் எந்தக் கட்சியோ மதர்போர்டும் அதே கட்சியாக இருக்க வேண்டும். கூட்டணி கிடையாது. இரண்டும் சேர்ந்த அடித்தளத்துக்குத்தான் பிளாட்ஃபார்ம் என்று பெயர். அதன்மேல்தான் மற்ற எல்லாம்.

கார்டு பிராசஸரோடு பேசுவதற்குப் பாதை வேண்டும். அதை லேன் என்கிறார்கள். இவன் வைத்திருந்த மாதிரி சாதாரண பிளாட்ஃபார்மில் மேல் ஸ்லாட்டுக்குப் பதினாறு லேன், கீழ் ஸ்லாட்டுக்கு நாலு. பதினாறு லேன் என்றதும் எனக்குத் தலை சுற்றியது. எங்கள் மலைப்பாதையில் எதிரே பஸ் வந்தால் ஜீப்காரர் ரிவர்ஸ் எடுத்து ஓரமாக ஒதுங்கி, பஸ் டிரைவரைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டும்.

தேவயானி வேலூரில் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற வெற்றிச்செல்வனுக்கு போன் போட்டாள். கேமுக்கா, வீடியோ எடிட்டிங்குக்கா, எதுக்கு மேடம் வேணும் என்றார் அவர்.

"ரெண்டு கார்டுக்கும் ஒரே மரியாத இருக்கணும்."

அந்தப் பக்கம் கால்குலேட்டரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "மேடம், மரியாதைக்குன்னு தனியா போர்டு வர்றதில்லீங்க" என்றார். நல்ல மனுஷன். அப்படிச் சொன்னாலும் முழுக் கதையையும் கேட்டார். அவர் வீட்டிலும் சம்பந்தி இருக்கிறார்போல. கேட்டுவிட்டு மூன்று வழி சொன்னார். பழைய நீல போர்டையே வைத்துக்கொள்வது, ஆனால் பதினாறு நாலு பேதம் தீராது. பெரிய கம்பெனிகள் வாங்குகிற ராட்சசப் பிளாட்ஃபார்ம் ஒன்று உண்டு, அதில் இரண்டு கார்டுக்கும் முழுப் பதினாறும் கிடைக்கும். மூன்றாவதாக, சிவப்புக் கட்சியில் ஒரு போர்டு கைவசம் இருக்கிறது, அது பதினாறை எட்டு எட்டாகப் பங்குபோட்டுக் கொடுக்கும்.

கிளமென்ட் ராட்சசனுக்கு ஆசைப்பட்டான். விலையைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டான். அதற்கு வேண்டிய கரண்டுக்கு வாடகை வீட்டு ஒயரிங் உருகிவிடும் என்றதும் ஆசையும் உட்கார்ந்தது. மிச்சம் சிவப்புக் கட்சி. இங்கேதான் பையன் முறைத்தான். பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து அவன் நீலக் கட்சி. சிவப்புக் கட்சிக்காரர்களோடு யூடியூப் கமெண்டில் கெட்ட வார்த்தையில் சண்டை போட்டவன். என்னால முடியாது தேவா, பசங்க மூஞ்சில முழிக்க முடியாது என்றான்.

தேவயானி கட்சியா, எங்கம்மாவா என்று மட்டும் கேட்டாள்.

கல்யாணத்துக்கு யாரும் மதம் மாறவில்லை என்று சொன்னேனே. அன்று கிளமென்ட் கட்சி மாறினான்.

7

எழுந்துகொள்ளுங்கள், கட்டுரை முடிந்தது.

புது போர்டும் அதே கட்சிப் பிராசஸரும் வந்தன. எட்டும் எட்டும். எட்டு லேனில் கார்டுக்குப் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது என்று வெற்றிச்செல்வன் சொல்லியிருந்தார், அப்படியே இருந்தது. சமமாயிடுச்சி, யாருக்கும் மேல கீழ இல்லன்னு அம்மாகிட்ட சொல்லுப்பா என்று தேவயானி அப்பாவை அனுப்பினாள். கோவிந்தன் போய்ச் சொன்னார். சமம்னா படத்துல ஏன் ஒண்ணு மேல ஒண்ணு கீழ இருக்குது என்று பெரியம்மாள் கேட்டாளாம். நேர்ல வந்து வாசல்ல நின்னு பாக்கறேன், சரியா இருந்தா உள்ள வர்றேன், இல்லன்னா அதே ஜீப்ல திரும்பிடறேன் என்றாளாம்.

நியாயம்தான். லேன் கண்ணுக்குத் தெரியுமா? மேலே இருப்பது மேலே, கீழே இருப்பது கீழே. இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது. கீழ் கார்டின் அனல் ஏறி ஏறி மேல் கார்டு கொதித்தது. எங்கப்பா கார்டு ரொம்பச் சூடாவுது என்று கிளமென்ட் கவலைப்பட்டான். உங்கப்பாவும் அப்படித்தான் என்றாள் தேவயானி. சொல்லிவிட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒயரையெல்லாம் பிடுங்கிவிட்டு அதை அப்படியே படுக்கப் போட்டாள்.

கண்ணாடி மேலே வந்தது. உள்ளே மதர்போர்டு பாய் விரித்ததுபோல் கிடந்தது. அதன்மேல் இரண்டு கார்டும் பக்கத்துப் பக்கத்தில் எழுந்து நின்றன. மேலும் இல்லை, கீழும் இல்லை. சூடும் குறைந்தது. அவளுக்கே நம்பமுடியாமல் கிளமென்டின் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

[இங்கே கதையை முடித்துவிடலாம் என்று எனக்கு ஒரு சபலம் வந்தது. பக்கமும் ஆகிவிட்டது. ஆனால் பெரியம்மாள் இன்னும் ஜீப்பில் ஏறவே இல்லை.]

பெட்டியை எங்கே வைப்பது? இப்போது இடது, வலது என்ற அடுத்த தொல்லை. வலது பக்கம்தான் மரியாதைப் பக்கம். தேவயானி ஹாலுக்கு நடுவில் டீப்பாய் போட்டு அதன்மேல் பெட்டியை வைத்தாள். வாசலில் நின்று பார்த்தாள், குங்குமக் கார்டு வலது பக்கம். டீப்பாய்க்கு அந்தப் புறம், சுவரோரம், வாசலைப் பார்த்தாற்போல் ஒரு நாற்காலி போட்டாள். அதில் உட்கார்ந்து பார்த்தாள், மாதா கார்டு வலது பக்கம். அந்த நாற்காலியில் சின்னப்பராஜை உட்காரவைத்து, பெரியம்மாள் உள்ளே வந்து உட்காரும்வரை அவர் எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்வது கிளமென்டின் பொறுப்பு.

8

ஞாயிற்றுக்கிழமை.

'மலையின் மேல் பனி...' இல்லை. வெயில்தான்.

சின்னப்பராஜ் பூசை முடிந்து நேரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியைப் பார்த்தார். மாதா வலது பக்கம். திருப்தி. கிளமென்ட் அவருக்குக் காபி கொடுத்து, தீர்ந்ததும் இன்னொரு காபி கொடுத்து, மடியில் முறுக்குத் தட்டையும் வைத்தான். சமையலறையில் தேவயானி பாலை அடுப்பில் ஏற்றினாள். ஜீப் சத்தம் கேட்டது.

பெரியம்மாள் செருப்பைக் கழற்றினாள். வாசலில் நின்றாள். கூட வந்த கோவிந்தன் வழக்கம்போல் உள்ளே போய்விட்டார், அவரை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. பெரியம்மாள் தலையை நீட்டிப் பெட்டியைப் பார்த்தாள். இரண்டு கார்டும் சமமாக நிற்கின்றன. குங்குமம் வலது பக்கம். ஒரு குறையும் சொல்ல முடியாது. தேவயானி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

"கார்டுக்கு எடம் குடுத்துட்டம்மா. நல்லா குடுத்துட்ட" என்றாள் பெரியம்மாள்.

ஆனால் உள்ளே வரவில்லை. அவள் கண் பெட்டியைத் தாண்டி, டீப்பாயைத் தாண்டி, நாற்காலியில் முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்த மனுஷன்மேல் போய் நின்றது.

தேவயானிக்கு அப்போதுதான் உறைத்தது. போர்டை மாற்றினோம், கட்சியை மாற்றினோம், பெட்டியையே புரட்டிப் போட்டோம். ஒரு வருஷமாக அம்மா காத்துக்கொண்டிருந்தது ஒரு வாய் வார்த்தைக்கு. அது எந்தக் கடையில் கிடைக்கும்?

சின்னப்பராஜ் எழுந்தார். கிளமென்ட் சட்டையைப் பிடித்து இழுத்தும் எழுந்தார். முறுக்கு தரையில் உருண்டது. டீப்பாயைச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் வந்தார். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மாதா இடது பக்கம். அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. தொண்டையைச் செருமினார்.

"சம்பந்திம்மா... அன்னிக்கி பந்தியில..."

9

இதுவரைதான் தேவயானி எனக்குச் சொன்னாள். மூன்றாவது தடவையாக அவள் மையத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று திரும்பி, சர்வர் வந்துடுச்சி சார், சீக்கிரம் வெரல வைங்க என்றாள். வைத்தேன். போன் நம்பர் மாறியது. அப்புறம் மாமா இன்னா சொன்னார் என்று கேட்டேன். அது எங்க வூட்டு விஷயம் சார், கார்டு விஷயம் மட்டும் எழுதுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

விடுவேனா? வீட்டுக்கு வந்து முடிவுகளாக எழுதித் தள்ளினேன்.

முதல் முடிவு: அந்த நேரம் பார்த்து கரண்ட் போகிறது. லைட் அணைந்து, எந்தக் கார்டு யாருடையது என்றே தெரியாமல் போய், எல்லோரும் சிரிக்கிறார்கள். தேவயானிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'யூபிஎஸ் இருக்கு சார்' என்று பதில் வந்தது.

இரண்டாவது முடிவு: பெரியம்மாள் கண் கலங்கி, எல்லாவற்றையும் மறந்து உள்ளே வருகிறாள். ஆசிரியர் கேட்ட கண்ணீர் இதில் இருக்கிறது. 'எங்கம்மாவ உங்களுக்குத் தெரியாது' என்று பதில் வந்தது.

மூன்றாவது முடிவில் சின்னப்பராஜை முழு வாக்கியம் பேசவைத்தேன். பல தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் கெட்டுப்போனது. ஒன்றில் ஜீப் டிரைவர்மேல் பழி போட்டார். ஒன்றில் சோறு ஆறிப்போகும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்று நியாயம் பேசினார். ஒன்றில் பாதியிலேயே பேச்சு பொட்டாஷுக்குப் போய்விட்டது. ஒன்றே ஒன்றில் மிக அழகாகப் பேசினார், ஆனால் அது என் தமிழ், உரக்கடைக்காரர் தமிழ் இல்லை. பெரியம்மாளுக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் போகுமா? இதற்குப் பதில் வரவில்லை. நீல டிக் மட்டும் விழுந்தது.

அதனால் நான் முடிக்கப் போவதில்லை. முடிக்கத் தெரியவில்லை என்பதே உண்மை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. என் பெண் கல்யாணத்தில் என் சம்பந்தியிடம் நான் இன்னும்... சரி, அது இங்கே வேண்டாம்.

நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்கும் சம்பந்தி இருப்பார், மச்சான் இருப்பார், பேச்சை விட்ட அண்ணனாவது இருப்பார். அவர் வாசலில் நின்றால் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதை எடுத்து சின்னப்பராஜின் வாயில் வையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. காரணம் சொல்லாதீர்கள், அதை அவர் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். நாலு வார்த்தை போதும்.

ஆனால் கொஞ்சம் சீக்கிரம். பெரியம்மாள் ஒரு காலை வாசற்படிக்கு மேல் தூக்கிவிட்டு நிற்கிறாள். உள்ளே பால் விளிம்புவரை ஏறிவிட்டது. அம்மா வருவதற்குள் பொங்கிவிடக் கூடாது என்று தேவயானி அடுப்பைக் குறைத்து, இன்னும் குறைத்து, உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.